குறைமாதக் குழந்தைக்குக் கண் பரிசோதனை: முப்பது நாள் கணக்கு

குறைமாதத்தில் குழந்தை பிறந்திருந்தால் காலண்டரை எடுத்து, பிறந்த நாளை ஒன்றாக எண்ணி 30-ஆம் நாளில் வட்டம் போடுங்கள். ஜூன் 1-இல் பிறந்தால் ஜூன் 30. அதற்குள், ஆர்.ஓ.பி. எனும் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் இருக்கிறதா என்று விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்போ 1200 கிராமுக்குக் குறைந்தோ பிறந்திருந்தால் இருபது நாளே கெடு.

34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், 2000 கிராமுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. 34 முதல் 36 வாரம் வரை பிறந்து ஆக்சிஜன், கிருமித்தொற்று, ரத்தம் ஏற்றுதல் என்று சிரமப்பட்டிருந்தாலும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் "1500 கிராமைத் தாண்டினால் பொதுவாக வேண்டாம்" என்பார். அது அந்த ஊர்க் கணக்கு. நம் நாட்டில் அதைவிட எடை கூடிய குழந்தைகளுக்கும் வருகிறது.

விழித்திரையின் ரத்தக்குழாய்கள் கண் நரம்பிலிருந்து விளிம்பை நோக்கி வளர்ந்து, ஏறக்குறைய 40 வாரத்தில்தான் முடியும். முன்னதாகப் பிறந்தால் வளர்ச்சி பாதியில் நிற்கும். சில வாரம் கழித்து, பட்டினி கிடக்கும் விழித்திரை தாறுமாறாகப் புதுக் குழாய்களை வளர்க்கும். அவை தழும்பாகிச் சுருங்கி விழித்திரையையே பிய்த்து இழுக்கும். பிறந்த அன்றே பார்த்துப் பயனில்லாததும், இரண்டு மாதம் கழித்துப் போனால் கைமீறிவிடுவதும் இதனால்தான். வெளியே கண் பளிச்சென்றே இருக்கும். கருவிழி நடுவே வெள்ளை தெரிந்தால் அநேகமாகக் கடைசிக் கட்டம்.

நம் பக்கத்தில் தவறுவது ஓர் இடத்தில்தான். பிரசவம் மதுரையிலோ சென்னையிலோ நடக்கும். டிஸ்சார்ஜ் ஆகிக் காரைக்குடி, தேவகோட்டை என்று தாய்வீடு வந்துவிடுவார்கள். "தீட்டுக் கழியட்டும், அப்புறம் வாசற்படி தாண்டலாம்" என்பார் ஆயா. கெடு அதற்குள் ஓடிவிடும். டிஸ்சார்ஜ் தாளில் கண் பரிசோதனைத் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எல்லாக் கண் மருத்துவரும் இதைப் பார்ப்பதில்லை. "ஆர்.ஓ.பி. என்றைக்குப் பார்ப்பீர்கள்?" என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். காரைக்குடியிலிருந்து மதுரைக்குக் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்; குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு அணைத்துச் சூடு குறையாமல் கொண்டுபோங்கள். கண்ணின் பாப்பா (கருவிழி நடுவே உள்ள துவாரம்) விரிய 10, 15 நிமிடத்துக்கு ஒருமுறையாகச் சொட்டு மருந்து விடுவார்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள், இல்லையேல் கக்கிப் புரையேறும். மரத்துப்போகும் சொட்டு விட்டபின் இமையை விரிக்கும் கம்பி வைப்பார்கள். குழந்தை வீறிடும், சில நிமிடம்தான். அன்று முழுக்க வயிறு உப்புகிறதா, மூச்சு விட்டுவிட்டு வருகிறதா, உதடு நீலமாகிறதா என்று கவனியுங்கள்; இதில் எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

"இப்போதைக்கு ஒன்றுமில்லை" என்றால் முடிந்தது என்று பொருளில்லை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குழாய்கள் விளிம்புவரை வளர்ந்துவிட்டன என்று எழுதிக் கொடுக்கும்வரை, சொல்லும் இடைவெளியில், ஒரு வாரமோ மூன்று வாரமோ, போய்க்கொண்டே இருங்கள். லேசர் அல்லது கண்ணுக்குள் ஊசி வேண்டும் என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நல்ல நாள் பார்க்க நேரமில்லை. ஊசி போட்ட கண்ணில் நோய் பல வாரம் கழித்தும் திரும்பலாம் என்பதால் அதற்கு இன்னும் நீண்ட கண்காணிப்பு.

விளக்கெண்ணெய், தாய்ப்பால், மை எதையும் கண்ணில் விடாதீர்கள்.