பூமி, நிலா, சூரியன் பாடத்துல பசங்க பண்ற தப்புல பாதி, புக்ல இருக்குற படத்தால வர்றது

ஆறாவதுலேந்து எட்டாவது வரைக்கும் வர்ற பூமி, வானம் பாடம் எல்லாம் ஈஸின்னுதான் பசங்க நினைப்பாங்க, கணக்கு இல்ல ஃபார்முலா இல்ல, படத்த பாத்து நாலு வரி மனப்பாடம் பண்ணா மார்க் வந்துரும்னு. அந்த படத்துலதான் வில்லங்கமே. ஒரே பக்கத்துக்குள்ள சூரியனும் பூமியும் நிலாவும் அடங்கணும்னு எல்லாத்தையும் ஒட்டி ஒட்டி வரைஞ்சிருப்பாங்க, வரைஞ்சவங்களுக்கு வேற வழியும் இல்ல, ஆனா பையன் அதையே நிஜம்னு எடுத்துக்கறான்.

மொதல்ல வெயில் காலம், குளிர் காலம் ஏன் வருதுங்கற கேள்வி. புக்ல பூமியோட பாதைய நீட்டமான முட்டை வடிவத்துல போட்டிருப்பாங்க, அதை பாத்த உடனே "சூரியனுக்கு கிட்ட போனா வெயில், தள்ளி போனா குளிர்"னு எழுதிடறாங்க. நிஜத்துல அந்த பாதை கிட்டத்தட்ட வட்டம்தான். பூமி சூரியனுக்கு ரொம்ப கிட்ட வர்றது ஜனவரி முதல் வாரத்துல, அதாவது நம்ம மார்கழில, விடியக்காலைல வாசல்ல கோலம் போட கைய நீட்டினா விரல் விறைக்குதே அந்த சமயத்துல. அப்ப தூரம் சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். ரொம்ப தள்ளி இருக்கறது ஜூலை முதல் வாரத்துல, சுமார் 15.21 கோடி. 50 லட்சம் கிலோமீட்டர்னா கேக்க பெருசா இருக்கும், ஆனா மொத்த தூரத்துல அது 3 சதவீதம் சொச்சம்தான். தூரம்தான் காரணம்னா உலகம் முழுக்க ஜனவரில ஒரே நேரத்துல வெயில் கொளுத்தணும், ஆனா ஜனவரில ஆஸ்திரேலியால வெயில், டெல்லில பனி.

இது தெரிஞ்ச பசங்க அடுத்த தப்புக்கு போவாங்க. "பூமி தன்னைத்தானே சுத்துற அச்சு சாஞ்சிருக்கு, அதனால வட பாதி சூரியனுக்கு கிட்ட வருது, அதனால வெயில்"னு எழுதுவாங்க. பாதி சரிங்கறதால இது கண்ணுல படாம தப்பிச்சிடும். சாய்வால வர்ற தூர வித்தியாசம் சில ஆயிரம் கிலோமீட்டர், 15 கோடிக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. 23.5 டிகிரி சாய்வு செய்யற வேலை ரெண்டு: வெயில் செங்குத்தா விழுதா சரிவா விழுதாங்கறது ஒண்ணு, பகல் எவ்வளவு நேரம் நீளுதுங்கறது இன்னொண்ணு. சரிவா விழுந்தா அதே வெயில் அதிக இடத்துல பரவிடும், சூடு கம்மி. விடையில இந்த ரெண்டும் வரணும், சும்மா "சாய்வு"ன்னு ஒரு வார்த்தை போட்டா பத்தாது. அப்புறம் படம் வரையும்போது பாதைல பூமிய போடற நாலு இடத்துலயும் அச்சு ஒரே திசைய பாத்து சாஞ்சிருக்கணும், நிறைய பேர் எல்லா இடத்துலயும் சூரியன் பக்கமா சாய்ச்சு வெச்சிடறாங்க, அப்படின்னா வருஷம் முழுக்க வட பாதில வெயில்காலம்தான்!

நம்ம ஊருக்குன்னு இதுல தனியா ஒரு சிக்கல் இருக்கு. வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்னு நாலு காலம் போட்ட படம் நிலநடுக்கோட்டுலேந்து நல்லா தள்ளி இருக்குற நாடுகளுக்குத்தான் பொருந்தும். அத பாத்துட்டு, வட பாதில மிக நீண்ட பகல் வர்ற ஜூன் 21 அன்னிக்கு சென்னைல சூரியன் நேர் உச்சில இருக்கும்னு எழுதறாங்க. கிடையாது. சென்னை 13 டிகிரி வடக்குல இருக்கு, அதனால சூரியன் அங்க உச்சிக்கு நேரா வர்றது வருஷத்துல ரெண்டு தடவை, ஏப்ரல் 24 ஒட்டியும் ஆகஸ்ட் 18 ஒட்டியும். கன்னியாகுமரில இன்னும் முன்னாடியே, ஏப்ரல் 10 வாக்குல. அன்னிக்கு மத்தியானம் பன்னெண்டு தாண்டி சில நிமிஷத்துல நேரா நட்ட கம்புக்கு நிழலே இருக்காது, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் மாதிரி ஆளுங்க நிழலில்லா நாள்னு ஸ்கூல் ஸ்கூலா செஞ்சு காட்டறது இதைத்தான். ஜூன் 21 மத்தியானம் சென்னைல சூரியன் உச்சிலேந்து 10 டிகிரி வடக்க இருக்கும், நிழல் தெற்கு பக்கம் விழும். மொட்டை மாடில ஒரு தடவை பாத்த பையன் அப்புறம் இத மறக்கவே மாட்டான், பத்து தடவை எழுத வெச்சாலும் அந்த பலன் வராது. பகல் நேரமும் அப்படித்தான், சென்னைல மிக நீண்ட பகலுக்கும் மிக குட்டையான பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், டெல்லில மூணரை மணி நேரத்துக்கு மேல.

அடுத்தது நிலா. பிறை ஏன் தெரியுதுன்னு கேட்டா "பூமியோட நிழல் நிலா மேல விழுது"ங்கற பதில் பெரியவங்க வாயிலேந்தே வரும். அது கிரகணம். பிறைக்கும் பூமி நிழலுக்கும் சம்பந்தமே இல்ல. நிலாவோட பாதி எப்பவும் வெளிச்சமாத்தான் இருக்கு, அந்த வெளிச்ச பாதில நமக்கு எவ்வளவு தெரியற கோணத்துல நிலா நிக்குதுங்கறதுதான் பிறை, அரை நிலா, பௌர்ணமி எல்லாம். நம்பாதவங்க அமாவாசை முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு சாயங்காலம் நாலு மணிக்கு வெளிய வந்து பாருங்க, மேற்க சூரியன் இருக்கும், கிழக்கு பக்கமா நல்லா உசரத்துல அரை நிலாவும் இருக்கும். பூமியோட நிழல் சூரியனுக்கு நேர் எதிர் பக்கம்தான் போகும், அப்ப அது நம்ம காலுக்கு கீழ அடிவானத்தையும் தாண்டி எங்கயோ இருக்கு, மேல இருக்குற நிலா மேல அது எப்படி விழும்? கூடவே "நிலா ராத்திரில மட்டும் வரும்"ங்கற தப்பும் அன்னிக்கே போயிடும்.

சரி, அப்ப ஏன் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கிரகணம் வரலன்னு புத்திசாலி பையன் ஒருத்தன் கேப்பான், கேக்கணும். நிலா சுத்துற பாதை பூமியோட பாதைக்கு சுமார் 5 டிகிரி சாய்வா இருக்கு, அதனால பெரும்பாலான மாசம் நிலா பூமி நிழலுக்கு மேலயோ கீழயோ நழுவிடும். படத்துல இது புரியவே புரியாது, ஏன்னா அங்க நிலா பூமிய ஒட்டிக்கிட்டு இருக்கும். பூமிய ஒரு பாஸ்கெட் பால்னு வெச்சா நிலா ஒரு டென்னிஸ் பால் சைஸ், ரெண்டுக்கும் நடுவுல ஏழு மீட்டருக்கு மேல இடைவெளி விடணும். நிஜ தூரம் சராசரியா 3,84,400 கிலோமீட்டர், முப்பது பூமிய வரிசையா அடுக்கலாம். அதே அளவுல சூரியன வைக்கணும்னா கிட்டத்தட்ட மூணு கிலோமீட்டர் தள்ளி போகணும். ஹால்ல இந்த ரெண்டு பாலையும் வெச்சு காட்டுங்க, நிழல்ல படாம நிலா நழுவ 5 டிகிரி சாய்வே ஏன் போதும்னு தானா புரியும்.

"நிலாவோட இருட்டு பக்கம்"னு ஒண்ணு சுத்துதே, அதுவும் தப்பு. நமக்கு தெரியாத பக்கம் உண்டு, இருட்டான பக்கம் கிடையாது, அங்கயும் ரெண்டு வாரம் பகல் ரெண்டு வாரம் ராத்திரி. 1959ல சோவியத் விண்கலம் லூனா 3 அந்த பக்கத்த போட்டோ எடுத்துச்சு, அதுல வெயில் நல்லாவே விழுந்திருந்துச்சு. 2023 ஆகஸ்ட் 23 அன்னிக்கு சந்திரயான் 3 இறங்கினப்ப "நிலாவோட பின்பக்கம்"னு ஃபார்வர்டு மெசேஜ் பறந்துச்சு, அதுவும் இல்ல. அது இறங்கினது நமக்கு தெரியற பக்கத்துலயேதான், தெற்கு பகுதில சுமார் 69 டிகிரில, தென் துருவத்துக்கு மேலயே உக்காரல. பின்பக்கம் முதல்ல இறங்கினது 2019 ஜனவரில சீனாவோட சாங்கே 4 விண்கலம்.

விண்வெளில ஈர்ப்பு விசையே இல்லன்னு எழுதறதும் வழக்கம். சர்வதேச விண்வெளி நிலையம் இருக்குறது சுமார் 400 கிலோமீட்டர் உசரத்துல, அங்க ஈர்ப்பு தரைல இருக்குறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம். மிதக்கறாங்களேன்னா, நிலையமும் உள்ள இருக்குறவங்களும் சேந்து பூமிய சுத்தி விழுந்துக்கிட்டே இருக்காங்க, அதனால.

இப்ப பூமிக்குள்ள போவோம். வெட்டுன பூமி படத்துல கவசத்துக்கு, அதாவது மேலோட்டுக்கு கீழ இருக்குற தடிமனான அடுக்குக்கு, ஆரஞ்சு கலர் அடிச்சு வெச்சிருப்பாங்க, உடனே "கவசம் உருகிய குழம்பு, அதுக்கு மேல கண்டம் எல்லாம் மிதக்குது"ன்னு எழுதிடறாங்க. கவசம் திடப்பொருள்தான். நிலநடுக்கத்துல கிளம்பற அலைகள்ல, திரவத்துக்குள்ள போக முடியாத எஸ் அலைகள் கவசத்துக்குள்ள தாராளமா போகுது, சுமார் 2900 கிலோமீட்டர் ஆழத்துல வெளிக் கருவம் ஆரம்பிக்கற இடத்துல நின்னுடுது, திரவமா இருக்குறது அந்த வெளிக் கருவம்தான். திடமா இருந்தா கண்டத்த சுமக்கற தட்டு எப்படி நகரும்னா, ரோட்டுல போடற தார் கட்டி மாதிரின்னு வெச்சுக்கங்க, சுத்தியால அடிச்சா உடையும், அப்படியே விட்டுட்டா நாளாக நாளாக பரவும். இந்திய தட்டு வருஷத்துக்கு ஏதோ சில சென்டிமீட்டர்தான் நகருது. எரிமலைக் குழம்பு பூமியோட நடு மையத்துலேந்து வருதுங்கறதும் தப்பு, கவசத்தோட மேல் பகுதிலயும் மேலோட்டுலயும் அங்கங்க கொஞ்சமா உருகறதுதான் மேல வருது, நம்ம அந்தமான்ல இருக்குற பாரன் (Barren) தீவு எரிமலையும் அப்படித்தான்.

நிலநடுக்க அளவுல ஒரு எண் கூடினா ஒரு படி கூடுதுன்னு நினைக்கறாங்க. ஒரு எண் கூடினா வெளிப்படற ஆற்றல் சுமார் 32 மடங்கு. 2001 புஜ் நிலநடுக்கம் 7.7, 2004 டிசம்பர் 26 சுமத்ராவுல வந்தது 9.1, பாக்க 1.4தான் வித்தியாசம், ஆற்றல்ல நூறு மடங்குக்கு மேல. மெரினாவுலேந்து நாகப்பட்டினம் வரைக்கும் என்ன ஆச்சுன்னு யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல.

பாறைல ஒரே ஒரு தப்பு சொல்றேன், உருமாறிய பாறைன்னா "உருகி மாறினது"ன்னு எழுதாதீங்க. உருகி ஆறிட்டா அது தீப்பாறை கணக்குல போயிடும். வெப்பம், அழுத்தத்தால திட நிலையிலயே மாறணும், சுண்ணாம்புக்கல் பளிங்கா ஆகற மாதிரி. ஆனா எல்லா பாறையும் தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறைங்கற மூணு டப்பாவுக்குள்ள சமர்த்தா உக்காராது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கற சார்னோகைட் தீப்பாறையா உருமாறினதான்னு புவியியல் ஆளுங்க பல வருஷம் சண்டை போட்டிருக்காங்க. கொல்கத்தால கிழக்கிந்திய கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கோட கல்லறைக்கு போட்ட கல் அதுதான், அதனாலதான் 1893ல புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்த பேர வெச்சாரு.

மேகம் நீராவின்னு எழுதறது சின்ன தப்பு, ஆனா ரொம்ப பரவலான தப்பு. நீராவி கண்ணுக்கு தெரியாது, வெள்ளையா தெரியறது குட்டி குட்டி நீர்த்துளியும் பனித்துகளும். கடைசியா, ஓசோன் ஓட்டையால பூமி சூடாகுதுன்னு எழுதி ரெண்டு பாடத்த ஒண்ணா கலக்காதீங்க. ஓசோன அரிச்சது பழைய ஃபிரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரேல இருந்த குளோரோ ஃபுளோரோ கார்பன், அதுக்கு 1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு கட்டுப்படுத்தினாங்க, ஓசோன் குறைஞ்சா நமக்கு கூடுதலா வந்து சேர்றது புற ஊதா கதிர். பூமி சூடாகறது முக்கியமா நிலக்கரி, பெட்ரோல் எரிச்சு வர்ற கார்பன் டை ஆக்சைடு வெப்பத்த வெளிய விடாம பிடிச்சு வைக்கறதால.