ஏப்ரலில் புது டீச்சர் பக்கத்தில் உட்காருங்கள்

மார்ச் பிறந்ததும் எங்கள் பள்ளி வேப்பமரம் பூக்க ஆரம்பிக்கும். அதே நேரத்தில்தான் புது டீச்சர்களின் பேச்சும் குறைய ஆரம்பிக்கும். ஜூனில் வண்ணத் தாளும் கத்தரிக்கோலுமாக வந்து வகுப்புச் சுவரை நிறைத்தவர்கள், மாலை மணி அடித்த பிறகும் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். என்னம்மா என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்பார்கள்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. 1997இல் இடைநிலை ஆசிரியையாக வேலைக்கு வந்தேன். கடந்த சில ஆண்டுகளில் எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் வேறு மாவட்டத்துப் பிள்ளைகள். தெரியாத ஊரில் வாடகை அறை எடுத்துத் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறார்கள். கல்வியாண்டு முடிகிற இரண்டு மாதத்தில் இவர்களுக்கு நாம் என்ன செய்யலாம் என்று, என்னைப் போன்ற மூத்த ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலைப் பட்டியல். மார்ச் முதல் வாரத்தில் ஒரு முழுத்தாளை எடுத்து, ஏப்ரல் கடைசி வரை அந்த டீச்சர் முடிக்க வேண்டிய வேலை எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். மூன்றாம் பருவத் தேர்வு, மதிப்பெண் பதிவேடு, எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளம்) மதிப்பெண் ஏற்றுவது, வருகைப் பதிவேட்டு ஆண்டுக் கூட்டல், தேர்ச்சிப் பட்டியல், நூலகப் புத்தகங்களைத் திரும்ப வாங்குவது, இருப்புப் பதிவேடு, மாணவர் சேர்க்கைக்கு வீடு வீடாகப் போவது என்று எதையும் விடாமல் எழுதுங்கள். நமக்கு இதெல்லாம் கைப்பழக்கம். புதிதாக வந்தவருக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் வாட்ஸ்அப்பில் "உடனே முடிக்கவும்" என்று வந்து விழும். அந்தப் பதற்றத்திலேயே பாதி உயிர் போய்விடும். தாளில் மொத்தமாகப் பார்த்துவிட்டால், இவ்வளவுதானே என்று மூச்சு விடுவார்கள். தேதிகளைப் பென்சிலால் எழுதுங்கள். 2025இல் வெயில் அதிகம் என்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கான ஆண்டுத் தேர்வை முன்கூட்டியே வைத்தார்கள். அந்த மாதிரி எப்போது வேண்டுமானாலும் மாறும்.

பட்டியல் போடும்போதே இரண்டு வேலையையாவது அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். "இளவயசு, சுறுசுறுப்பா செய்யும்" என்று ஆண்டு விழா நடனப் பயிற்சி, கணினி வேலை, சேர்க்கைப் பேரணிப் பதாகை எல்லாவற்றையும் புதுசின் தலையில் கட்டுகிற பழக்கம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. எங்கள் பள்ளியிலும் இருந்தது. ஒரு டீச்சர் மார்ச்சில் இரண்டு வாரம் நடனம் சொல்லிக் கொடுப்பதிலேயே இருந்தாள். அவள் வகுப்புப் பிள்ளைகளின் கழித்தல் கணக்கு அந்தரத்தில் நின்றது. அதற்கு நான்தான் பொறுப்பு. அதற்குப் பிறகு நடனத்தைச் சத்துணவு அமைப்பாளரின் மகள் வந்து சொல்லிக் கொடுக்கிறாள். கல்லூரியில் படிக்கிற பெண், சந்தோஷமாகச் செய்கிறாள்.

அடுத்து பதிவேடுகள். "போய் முடிச்சுட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதல் ஆண்டில் பதிவேட்டு வேலைக்குப் பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். என் முதல் ஆண்டில் எனக்கு அப்படி யாரும் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஒரு பையனின் பிறந்த தேதியை எண்ணில் சரியாகவும் எழுத்தில் தவறாகவும் எழுதிவிட்டேன். மேலே இருந்த பையனின் மாதம் கண்ணில் பட்டு இவனுக்கு வந்துவிட்டது. யாரும் சரிபார்க்கவில்லை, கையெழுத்து ஆகிப் போய்விட்டது. அந்தப் பையன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகும்போதுதான் அது வெளியே வந்தது. அவனுடைய அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று முறை அலைந்தார். அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "பரவால்லம்மா" என்றார். இன்றைக்கும் டி.சி. எடுக்கும்போது அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

இப்போது டி.சி. எமிஸிலிருந்து வருகிறது. ஆனாலும் உள்ளே ஏற்றுவது நாம்தானே. அதனால் இப்படிச் செய்யுங்கள். புது டீச்சர் கணினித் திரையைப் பார்த்துப் படிக்கட்டும், நீங்கள் சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபாருங்கள். பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி, சமூகம், பெற்றோர் பெயர். பத்துப் பெயர் முடிந்ததும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். கூடவே காரணத்தையும் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான பதிவு சரியாக இருந்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும். கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதும் அந்தப் பதிவை வைத்துத்தான். இதைச் சொன்ன பிறகு எந்தப் புது டீச்சரும் எமிஸை வெறும் தட்டச்சு வேலை என்று நினைத்ததில்லை.

வருகைப் பதிவேட்டைக் கூட்டும்போது முதலில் பென்சில், அப்புறம்தான் பேனா. வேலை நாட்களின் எண்ணிக்கை எல்லா வகுப்பிலும் ஒன்றாக வருகிறதா என்று பேனா தொடும் முன்னே பார்த்துவிடுங்கள். டி.சி. வாங்கிப் போகிற பிள்ளையை எமிஸில் நம் பள்ளிக் கணக்கிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு மாற்ற மறந்துவிட்டால் அடுத்த பள்ளியில் சேர்க்கவே முடியாது. இதை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

போன வருஷம் ஏப்ரல் இரண்டாவது வாரம். மாலை நாலரை இருக்கும், பிள்ளைகள் போய்விட்டார்கள். மூன்றாம் வகுப்பு அறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். டீச்சர் கைக்கணினியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வகுப்பில் 23 பிள்ளைகள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை எவ்வளவு படிக்க, எழுத வருகிறது என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று நிலையாகப் பார்க்கிறோம் இல்லையா, அதில் ஆறு பேர் இன்னும் அரும்பு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"டீச்சர், இந்த ஆறு பேரையும் மொட்டுன்னு போட்டுடலாமா? இல்லன்னா வருஷம் பூரா நீ என்ன பண்ணினேன்னு கேப்பாங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "முதல் பருவப் பயிற்சி நூல் இருக்காம்மா?" என்று கேட்டேன். அலமாரியில் கட்டி வைத்திருந்தாள். அந்த ஆறு பேரில் ஒரு பையனுடையதை எடுக்கச் சொன்னேன். ஜூன் மாதப் பக்கம். படத்தைப் பார்த்துச் சொல் எழுத வேண்டிய இடத்தில், அதே படத்தைத் திரும்ப வரைந்து வைத்திருந்தான். ஓர் எழுத்துகூட இல்லை. அப்புறம் அவனுடைய இப்போதைய நோட்டைப் பக்கத்தில் வைத்தோம். "எங ஆடு குடி போடுசு. ரெண்டு குடி" என்று எழுதியிருந்தான். அவள் அதில் நான்கு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள்.

"இதைப் படி" என்றேன்.

"எங்க ஆடு குட்டி போட்டுச்சு. ரெண்டு குட்டி."

"என்ன இல்ல இதுல?"

கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒற்று மட்டும்தான் டீச்சர் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அவளே அந்த ஜூன் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

அந்த ஆறு பேருக்கும் மறுநாள் திரும்ப ஒருமுறை படிக்க வைத்து, எழுத வைத்துப் பார்த்தோம். ஒரு பெண் உண்மையிலேயே மொட்டுக்கு வந்திருந்தாள். மற்ற ஐந்து பேரும் அரும்பு, அப்படியேதான் பதிந்தோம். பொய்யாக மொட்டு என்று போட்டால் அடுத்த டீச்சர் மொட்டுக்கான பாடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒற்று தெரியாத பையன் மறுபடி பேசாமல் உட்கார்ந்திருப்பான். எட்டாம் வகுப்பு வரை எல்லோருக்கும் தேர்ச்சி என்பதால் அந்தப் பையன் மேலே போய்க்கொண்டேதான் இருப்பான். எங்கே நிற்கிறான் என்று நாம் எழுதி வைக்கிற அந்த ஒரு சொல்லைத் தவிர அவனுக்கு வேறு துணை இல்லை. மேலே இருந்து யாராவது கேட்டால் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும். "அதை நான் பார்த்துக்கிறேன், நீ உள்ளதை எழுது" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மனசுக்குள் நினைத்தால் மட்டும் போதாது, அவர் காதில் விழ வேண்டும்.

இதை நீங்கள் செய்யும்போது மூன்று பிள்ளைகளின் நோட்டு போதும். நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று, நடுவில் ஒன்று, ரொம்பச் சிரமப்படுகிற பிள்ளை ஒன்று. பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். "இவன் எந்த மாசம் மாறினான்? அப்ப நீ என்ன செஞ்சே?" என்று கேளுங்கள். பதிலை அவரையே எழுதச் சொல்லுங்கள். அந்த டீச்சர் எழுதியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "தீபாவளிக்குப் பிறகு. தினமும் வீட்டில் நடந்ததைச் சொல்லச் சொன்னேன், அவன் சொன்னதையே கரும்பலகையில் எழுதினேன்." எந்தப் பயிற்சியிலும் கிடைக்காத பாடம் அது. அடுத்த ஜூனிலேயே அவள் அதைத் தொடங்கிவிட்டாள்.

குறை சொல்ல வேண்டியிருந்தால் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏப்ரல் கடைசி வாரத்தில் வேண்டாம், பிள்ளைகள் முன்னால் எப்போதுமே வேண்டாம். வகுப்பில் நான் எல்லோரையும் "டீச்சர், நீங்க" என்றுதான் கூப்பிடுவேன். தனியாக இருக்கும்போது அவர்கள் எனக்கு மகள் மாதிரி, "வாம்மா, போம்மா" தான்.

தற்காலிக ஆசிரியர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக நியமிக்கலாம் என்று ஆணை வந்தபோது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றார்கள், பிறகுதான் உயர்த்தினார்கள். இவர்களுக்கு ஏப்ரலோடு வேலை முடிந்துவிடும், மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. ஜூனில் திரும்பக் கூப்பிடுவோமா என்பது நமக்கே தெரியாது. தெரியாததை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக, கடைசி நாளுக்கு முன்பே பணி அனுபவச் சான்றைத் தயார் செய்து கையில் கொடுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று விவரமாக இருக்கட்டும். நிலுவைச் சம்பளம் இருந்தால் அதற்காக நாம்தான் அலைய வேண்டும், அவரை அலைய விடக் கூடாது. பிள்ளைகளுக்கு அவர் தற்காலிகம் என்பதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு அவர் டீச்சர். விடைபெறுகிற நாளில் எல்லோருக்கும் என்ன மரியாதையோ அதே மரியாதை அவருக்கும்.

நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்களுக்கு வேறு கவலை. தகுதிகாண் பருவத்துக்கு, அதாவது வேலை உறுதியாகும் முன் பார்க்கிற காலத்துக்கு, மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணி முடிக்க வேண்டும். அதற்குள் சான்றிதழ்கள் உண்மையானவை என்ற உண்மைத்தன்மைச் சான்று வந்துவிட்டதா, பணிப்பதிவேட்டில் எல்லாம் பதிந்திருக்கிறதா என்று இப்போதே ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். விடுமுறையில் மறந்துவிடும். ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தைக் கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் உபரி என்று முதலில் இளையவரைத்தான் வேறு பள்ளிக்கு நகர்த்துவார்கள். இந்தப் பயம் அவர்களுக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். சேர்க்கைக்கு ஊருக்குள் போகும்போது தனியாக அனுப்பாமல் கூடப் போங்கள். அங்கன்வாடியில் ஐந்து வயது முடிகிற பிள்ளைகளின் பட்டியலை வாங்கிக்கொண்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்து பேச வேண்டும். நமக்கு அந்த வீட்டுப் பாட்டியைத் தெரியும், புது டீச்சருக்குத் தெரியாது. நாம் அறிமுகப்படுத்தினால் அடுத்த வருஷம் அவரே போவார்.

மே மாதம் அவர்களைக் கூப்பிடாதீர்கள். உண்மையிலேயே அவசரம் என்றால் ஒரே ஒரு போன், காலையில். வாட்ஸ்அப் குழுவில் வருகிற எல்லாவற்றையும் தனியாக வேறு அனுப்பி வைக்க வேண்டாம். பத்து மாதம் அம்மா கையால் சாப்பிடாத பிள்ளைகள் அவர்கள்.

ஊருக்குப் போகும் முன் ஒரு வேலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தன் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி, அடுத்த டீச்சருக்காக. மதிப்பெண் வேண்டாம், அது எமிஸில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதிக் கொடுத்த தாள் இப்போதும் என் மேசையில் இருக்கிறது. "முன்வரிசையில் உட்கார வைக்கவும், பலகை சரியாகத் தெரியவில்லை, வீட்டில் சொல்லியிருக்கிறேன்." "சத்தமாகக் கேட்டால் பதில் வராது, பக்கத்தில் போய்க் கேட்டால் எல்லாம் சொல்வாள்." "ஆட்டைப் பற்றிக் கேளுங்கள், எழுதுவான். ஒற்று பாக்கி." பள்ளி திறந்த அன்று காலை அதில் ஒரு நகல் எடுத்து, நான்காம் வகுப்பு வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் வைத்தேன்.