மாடித் தோட்டத்தில் முதல் தடவை வேப்பெண்ணெய் தெளிக்கிறீர்களா? கீரைக்கும் காய்க்கும் பாதுகாப்பாகத் தெளிக்கும் முறை

மாடியில் தொட்டி வைத்த இரண்டு மூன்று மாதத்தில் எப்படியும் ஒரு நாள் அது நடக்கும். கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி, பக்கத்தில் மிளகாய்க் கொழுந்து சுருண்டு கிடக்கும், கை தன்னால் ஸ்பிரேயரைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். சந்தையில் வாங்கும் காய் வயலிலிருந்து நம் வீட்டுக்கு வந்து சேரவே ஒன்றிரண்டு நாளாகும். நம் மாடியிலோ சாயங்காலம் மருந்து பட்ட கொத்தமல்லியை மறுநாள் காலை ரசம் இறக்கும்போது கிள்ளிப் போட்டுவிடுகிறோம். அதனால் எதை அடிப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், அடுத்து எப்போது பறிக்கப் போகிறோம் என்று யோசியுங்கள்.

முதல் வேலை: பறிப்பது

தெளிக்கப் போகும் நாள் காலையில் அடுத்த 5 நாட்களுக்குத் தேவையான கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை, முற்றிய வெண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாவற்றையும் பறித்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். வெண்டை இரண்டு நாள் விட்டாலே முற்றிவிடும் என்பதால் பிஞ்சாக இருந்தாலும் பரவாயில்லை, பறித்துவிடுங்கள். இதைச் செய்துவிட்டால் "இன்றைக்குக் குழம்புக்கு வேணுமே" என்று யாரும் மருந்து ஈரத்தோடு இருக்கிற செடியில் கை வைக்க மாட்டார்கள். வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லியும் வையுங்கள், முக்கியமாக மாடிக்குப் போய்த் துளசியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெரியவர்களிடம்.

அடுத்து, என்ன பூச்சி என்று பார்ப்பது

பாதிப் பிரச்சினைக்கு மருந்தே வேண்டாம். அவரைக் கொடியில் கறுப்பாக மொய்க்கும் அசுவினியைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இரண்டு மூன்று நாள் அடித்தாலே பெரும்பாலும் போய்விடும். மாவுப்பூச்சிக்குப் பழைய பல் துலக்கும் பிரஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுங்கள், தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். அந்தப் பூச்சி விடுகிற தித்திப்பான நீருக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும், எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சி ஒழியாது. கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக ஒன்று உட்கார்ந்திருந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்துவிடலாம், அல்லது ஒரு கிளையை அதற்கு விட்டுவிடலாம், நான் விட்டுவிடுவேன்.

இன்னொன்றையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்: சின்ன முதலைக்குட்டி மாதிரி, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு ஓடும் புழு. அது பொறிவண்டின் குஞ்சு, நாள் முழுக்க அசுவினியைத் தின்னும். அது இருக்கும் செடியில் எதையும் அடிக்காதீர்கள். இப்படிப்பட்ட நல்ல பூச்சிகளின் பலம் தெரிய ஓர் உதாரணம்: இந்தியாவில் முதன்முதலாக 2008-ல் கோவையில் கண்டுபிடிக்கப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியிலிருந்து மல்பெரி, மரவள்ளி வரை பரவி விவசாயிகளை அழவைத்தது. எத்தனையோ மருந்து அடித்தும் கட்டுப்படவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறிய, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது.

கலக்கும் முறை

இவ்வளவு பார்த்தும் தெளித்தே ஆக வேண்டும் என்றால் வேப்பெண்ணெயில் ஆரம்பியுங்கள். செக்கில் ஆட்டிய, பழுப்பு நிறத்தில் காட்டமாக வாடை அடிக்கிற எண்ணெயாக இருக்கட்டும். மார்கழிக் குளிரில் பாட்டிலில் உறைந்திருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை வைத்து இளக்குங்கள், அடுப்பில் காய்ச்சாதீர்கள்.

1 லிட்டர் தண்ணீருக்குக் கத்தரி, மிளகாய், வெண்டை என்றால் 5 மி.லி., கொத்தமல்லி, புதினா மாதிரி மெல்லிய இலை என்றால் 2 மி.லி. போதும். கண்ணளவு வேண்டாம், இருமல் மருந்தோடு வரும் அளவு மூடி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். ஆரம்பத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றுவது. நானும் அப்படி ஊற்றி, நன்றாகக் குலுக்கி, பகல் 11 மணிக்குக் கொத்தமல்லிக்கு அடித்தேன். எண்ணெய் மேலே மிதந்திருக்கிறது, முதல் தொட்டிக்கு வெறும் தண்ணீரும் கடைசித் தொட்டிக்கு வெறும் எண்ணெயும் போயிருக்கிறது. மறுநாள் அந்தக் கடைசித் தொட்டிக் கொத்தமல்லி முழுக்க வெந்தாற்போல் கறுத்துத் தொங்கியது.

சரியான முறை இதுதான். ஒரு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அதில் 1 அல்லது 2 மி.லி. கதர் சோப்புக் கரைசலோ பூந்திக்கொட்டைத் தண்ணீரோ விட்டு, மோர் கடைவதுபோல் கலக்குங்கள். துணி துவைக்கும் பவுடர் கூடாது, இலை கருகும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சேர்க்கப் பால் மாதிரி வெள்ளையாக மாறும். மேலே எண்ணெய்ப் பொட்டு ஒன்றுகூட மிதக்கக் கூடாது. மிதந்தால் இன்னும் இரண்டு சொட்டு சோப்பு விட்டுக் கலக்குங்கள். கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், நாளைக்கு வைத்தால் வீரியம் இருக்காது.

தெளிப்பது

முதலில் ஒரே ஒரு செடியில் இரண்டு இலைக்கு மட்டும் அடித்துவிட்டு ஒரு நாள் விடுங்கள். கருகவில்லை என்றால் மறுநாள் புதிதாகக் கலக்கி மற்றதற்கு அடியுங்கள். மாலை 5 மணிக்கு மேல், வெயில் தாழ்ந்த பிறகு, மழை வராத நாளாகப் பார்த்து. வெயிலில் எண்ணெய் இலையைச் சுடும், அதோடு வேம்பில் வேலை செய்கிற அசாடிராக்டின் சூரிய ஒளியில் சீக்கிரம் சிதைந்தும் போகும். செடி வாடியிருந்தால் அன்றைக்கு வேண்டாம், முதலில் தண்ணீர் ஊற்றித் தேற்றுங்கள்.

முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் போட்டுக்கொள்ளுங்கள். இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல் அடிப்பவர்களுக்குக் கண்ணாடி கட்டாயம், ஒரு துளி பட்டால் போதும், அரை மணி நேரம் கண் திறக்க முடியாது. காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, பூச்சி இருக்கும் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். பூவில் படக் கூடாது, சாயங்காலமும் தேனீ வந்துகொண்டிருந்தால் அது போகும்வரை காத்திருங்கள்.

அடிக்கவே கூடாதவை

புகையிலைக் கரைசலை இயற்கை மருந்து என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அதில் இருப்பது நிக்கோட்டின், தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடிய விஷம், தக்காளிக்கும் மிளகாய்க்கும் வைரஸ் நோயையும் கொண்டுவரலாம். பஞ்சகவ்யம் நல்லதுதான், ஆனால் அதில் சாணமும் கோமியமும் இருக்கின்றன, பச்சையாகச் சட்னிக்கு அரைக்கும் புதினா, கொத்தமல்லி இலைமேல் தெளிக்காமல் வேரில் ஊற்றுங்கள்.

ஒரு கடையில் எனக்கு லேபிள் இல்லாத சின்ன பாட்டிலில் மருந்தை ஊற்றிக் கொடுத்து "ஒரு மூடி போடுங்க, எல்லாம் போயிடும்" என்றார்கள். வாங்காதீர்கள். பூச்சிமருந்து லேபிளில் ஒரு வண்ண முக்கோணம் இருக்கும்: சிவப்பு கடும் விஷம், அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டே வரும், பச்சைகூட விஷமே இல்லை என்று அர்த்தமில்லை. எந்தப் பயிருக்கு, தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் அதில்தான் இருக்கும். மோனோகுரோட்டபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்த 2005-லேயே தடை வந்துவிட்டது, லேபிள் இல்லாத பாட்டிலில் அது இருந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

தெளித்த பிறகு

மிச்சக் கரைசலைக் குரோட்டன்ஸுக்கு ஊற்றிவிடுங்கள். ஸ்பிரேயரைச் சோப்புத் தண்ணீரால் மூன்று தடவை கழுவுங்கள், களைக்கொல்லி ஊற்றிய ஸ்பிரேயர் என்றால் எத்தனை தடவை கழுவினாலும் இதற்கு வேண்டாம். குளிர்பான பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதீர்கள். வேப்பெண்ணெய் குடித்த சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது உண்டு, அதனால் பூட்டி வையுங்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயற்சி செய்யாமல் 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

5 நாள் கழித்துப் பறித்து, ஓடும் தண்ணீரில் இலை இலையாக அலசுங்கள், அப்போதுதான் கசப்பும் போகும். நடுவில், மூன்றாம் நாள் காலையில் அதே கத்தரி இலையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு காய்ந்து, விரலால் தட்டினால் உதிர்ந்தால் வேலை முடிந்தது. குச்சியால் தொட்டதும் மெதுவாக நகர்ந்தால் ஏழாம் நாள் மறுபடி ஒரு தடவை தெளியுங்கள், அன்றைக்குக் காலையில் பறிப்பதிலிருந்து தொடங்கி.