அந்தப் பாறையில இருக்கிறது ருஸ்தம் இல்லைங்க

ஷாநாமா, அதான் ஃபிர்தௌசி எழுதின பாரசீகக் காவியம், அத படிக்கணும்னு புதுசா வர்றவங்க பேசுறத கேட்டா, பத்து வருஷம் முன்னாடி நான் உளறினது அப்படியே திரும்பி வருது. பேரு வாயில நுழையாதது, யாருக்கு யார் மகன்னு குழம்புறது, அதெல்லாம் எல்லாருக்கும் வரும், விடுங்க. விடக்கூடாத தப்புங்க கீழ இருக்கு.

கதைப் பேர வெச்சு வரலாறு பேசுறது

இதுக்குத்தான் இன்னமும் எரிச்சலா வரும். ஷாநாமாவோட பெரிய வீரன் ருஸ்தம் கதைய சின்ன புத்தகமா போட்டோம், அட்டையில ஈரான்ல இருக்கிற நக்‌ஷ்-எ-ருஸ்தம் பாறைச் சிற்பம், குதிரை மேல ஒரு ராஜா, எதிர்ல ஒருத்தர் மண்டி போட்டிருக்கார், கீழ "மாவீரன் ருஸ்தம்"னு கொட்டை எழுத்துல நானே போட்டேன், ஊர் பேர்லயே ருஸ்தம் இருக்கே, அப்புறம் என்ன சந்தேகம்னு. 300 காப்பி பிரஸ்ல இருந்து வந்தப்புறம் தெரிஞ்சவர் ஒருத்தர் புரட்டிப் பாத்துட்டு சிரிக்கிறார். அது ஈரான ஆண்ட சாசானிய வம்சத்து ராஜா முதலாம் ஷாப்பூர், மண்டி போட்டிருக்கிறது ரோம் சக்கரவர்த்தி, கி.பி. 3ஆம் நூற்றாண்டு. அதே மலையில மேல சிலுவை மாதிரி குடைஞ்சிருக்கே, அதுல ஒண்ணு அதுக்கும் முந்தின பாரசீக ராஜா முதலாம் டேரியஸ் சமாதி. ராத்திரி உக்காந்து 300 அட்டையிலயும் ஸ்டிக்கர் ஒட்டினேன், பாதி கோணல்.

பழைய ராஜாக்கள ஊரே மறந்துடுச்சு, கதை மட்டும் நின்னுச்சு, அதனால கல்லுக்கெல்லாம் கதைப் பேரு. டேரியஸும் மகன் செர்க்சஸும் கட்டின பெர்செபோலிஸ் அரண்மனை "தக்த்-எ-ஜம்ஷீத்" ஆச்சு, கதையில வர்ற ராஜா ஜம்ஷீத் சிம்மாசனமாம். பாரசீகப் பேரரச ஆரம்பிச்ச சைரஸ் சமாதி சாலமோனோட அம்மா சமாதி ஆச்சு. ஃபிர்தௌசி 1010ல முடிச்ச காவியத்துல சைரஸ்ங்கிற பேரே கிடையாது, தேடாதீங்க. தாரா, அதாவது கடைசி டேரியஸ், வருவார், ஆனா அவர ஜெயிக்கிற சிக்கந்தர், அதான் அலெக்சாண்டர், அதே அப்பாவுக்குப் பொறந்த அண்ணன். இத வெச்சா அலெக்சாண்டர் வரலாறு பேசுவீங்க? சாசானிய வம்சத்த ஆரம்பிச்ச அர்தஷீர் வர்ற வரைக்கும் வருஷக் கணக்கு போடாம படிங்க.

தூரான்னா துருக்கின்னு முடிவு கட்டுறது

காவியத்துல வர்ற ராஜா ஃபரிதூனுக்கு மூணு பசங்க, சல்ம், தூர், ஈரஜ். கடைக்குட்டிக்கு ஈரான் போச்சுன்னு அண்ணன்க சேர்ந்து அவன தீத்துட்டாங்க. தூருக்குப் போன நாடுதான் தூரான், ஈரானோட எதிரி. அதனால இது சுத்தமான பங்காளிச் சண்டை.

கஜினி முகமதுவோட வெள்ளிக்காசு கதை

காவியத்துக்குப் பரிசா சுல்தான் வெறும் வெள்ளிக்காசு குடுத்து ஃபிர்தௌசிய அவமானப்படுத்தினார்ங்கிற கதை, கவிஞர் செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் எழுதினது. சொல்லுங்க, சத்தியம் பண்ணாதீங்க.

நேரா சொஹ்ராப் கதைக்குத் தாவுறது

ருஸ்தம் தன் மகன் சொஹ்ராபோட மோதுற கதைதானே, நேரா வேணாம். ருஸ்தமோட அப்பா ஸால் பொறந்ததுல ஆரம்பிங்க. சிமுர்க் பறவை அவனுக்குக் குடுத்த இறகு, ருஸ்தமும் இளவரசன் இஸ்ஃபந்தியாரும் போடுற சண்டையில திரும்ப வரும், அப்ப முழிக்காம இருக்கலாம்.