பூனைக்கு மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

பூனையின் வாய் நாறினால் பல்லிலோ ஈறிலோ கோளாறு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'பூனை வாய் அப்படித்தான்' என்று விட்டுவிடுவதால் பல பூனைகள் வருடக்கணக்கில் வலியோடு வாழ்கின்றன. பல் வலிக்கும் பூனை சாப்பாட்டை அடியோடு நிறுத்துவது குறைவு. தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மெல்லும், உலர் தீனியை மெல்லாமல் விழுங்கும், வாயில் எடுத்ததைக் கீழே போடும், கன்னத்தைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைத்துக்கொள்ளும்.

வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். அவற்றின் மேல் படியும் வழவழப்பான படலம், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தால் சில நாட்களிலேயே கெட்டியாகிக் காரையாகிவிடும். அதன்பின் பிரஷ் உதவாது. வெளியே தெரியும் மஞ்சள் காரையைவிட ஈறுக்கு அடியில் இருப்பதுதான் ஆபத்து. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு அங்கேதான் அரிக்கப்படுகிறது. விழித்திருக்கும் பூனையைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சுரண்ட முடியாது, எக்ஸ்ரேயும் எடுக்க முடியாது. மயக்கம் இல்லாமல் சுத்தம் செய்து தருகிறோம் என்பவர்கள் வெளிப்பக்கத்தை மட்டும் வெள்ளையாக்கிவிட்டு நோயை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

மயக்கத்தைப் பற்றிய பயம் நியாயமானது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய ஆய்வில், மயக்கமோ ஆழ்ந்த தணிப்பு மருந்தோ பெற்ற ஆரோக்கியமான பூனைகளில் இறந்தவை ஏறக்குறைய 900-க்கு ஒன்று. ஏற்கெனவே நோயுற்ற பூனைகளில் 70-க்கு ஒன்று. முன்பரிசோதனை ஏன் வேண்டும் என்பதற்கு இந்த வித்தியாசமே போதும்.

இரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை எல்லாப் பூனைக்கும் வேண்டும். ஏழு வயதைத் தாண்டியிருந்தால் தைராய்டு, சிறுநீர், இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் இதய முணுமுணுப்பு கேட்டால் முதலில் எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுப்பது நல்லது. பூனைகளுக்கு இதயத் தசை தடிக்கும் நோய் வெளியே எதுவும் காட்டாமலே இருக்கும்.

தேதி குறிப்பதற்கு முன் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடுவீர்களா? மயக்கத்தைக் கவனிக்க மட்டும் தனியாக ஒருவர் இருப்பாரா? இரத்த அழுத்தம், ஆக்சிஜன், வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு, உடல் சூடு ஆகியவற்றை அளப்பீர்களா? வாய் முழுவதற்கும் எக்ஸ்ரே எடுப்பீர்களா? ஸ்பிரிங் வைத்த வாய்த்திறப்பானைப் பயன்படுத்துவீர்களா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்ற பதில்தான் வர வேண்டும். பூனையின் வாயை அளவுக்கு மீறி விரித்து வைத்தால் மூளைக்குப் போகும் தமனி நசுங்கும். சில பூனைகள் அதனால் கண் பார்வை இழந்து எழுந்திருக்கின்றன.

முந்தைய நாளும் அன்று காலையும்

ஆரோக்கியமான வளர்ந்த பூனைக்குத் திட உணவை 4 முதல் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும் என்பது இன்றைய பரிந்துரை. சில மருத்துவமனைகள் இன்னும் இரவு முழுவதும் நிறுத்தச் சொல்லும். உங்கள் மருத்துவர் சொன்ன நேரத்தையே பின்பற்றுங்கள். தண்ணீரைக் கிளம்பும்வரை எடுக்க வேண்டாம். குட்டிகளையும் சர்க்கரை நோயுள்ள பூனைகளையும் நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது. அவற்றுக்குத் தனி நேரமும், இன்சுலினுக்குத் தனி அளவும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் இதைத் தனி அறையில் அடைத்து வையுங்கள். ஏமாற்றிச் சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போவதைவிட ஒருநாள் தள்ளிப்போவது எவ்வளவோ மேல்.

மிரளும் பூனைக்கு, வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு 2 அல்லது 3 மணி நேரத்துக்கு முன் கொடுக்கக் கபாபென்டின் என்ற பயம் தணிக்கும் மருந்தை எழுதித் தரச் சொல்லலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதன் அளவைக் குறைக்க வேண்டும் என்பதால் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அன்று முழுவதும் செல்போனைக் கையிலேயே வைத்திருங்கள். எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்பது எக்ஸ்ரே பார்த்த பிறகே தெரியும். உங்களைப் பிடிக்க முடியாவிட்டால், பிடுங்காமல் எழுப்பிவிட்டு இன்னொரு முறை மயக்கம் கொடுக்க வேண்டிவரும்.

மேசையில் நடப்பது

முதலில் தணிப்பு மருந்தும் வலி மருந்தும் ஊசியாகப் போகும். முன்கால் நரம்பில் கேனுலா (மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) போட்டு, அதன் வழியே புரோபோஃபால் அல்லது ஆல்ஃபாக்சலோன் செலுத்தி மயக்குவார்கள். பூனையின் குரல்வளை தொட்டாலே இறுகிக்கொள்ளும். அதனால் அதில் மரக்கச் செய்யும் லிடோகெய்ன் சொட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்த பிறகே டியூப்பை நுழைப்பார்கள். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவும் ஆக்சிஜனும் அதில் போகும். பீய்ச்சும் நீரும் காரைத் துகளும் நுரையீரலுக்குள் இறங்காமல் காப்பதும் அதே டியூப்தான். மூச்சுக்குழாயை அடைத்து நிற்க டியூப்பைச் சுற்றியிருக்கும் பலூனை அதிகம் ஊதினாலோ, வாயுக் குழாயைக் கழற்றாமல் பூனையைப் புரட்டினாலோ மூச்சுக்குழாய் கிழியலாம். பல் சிகிச்சையில் பூனையைப் பக்கம் மாற்றிக்கொண்டே இருப்பதால் இங்கே இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். வாய் நனைந்தபடியே இருப்பதால் உடம்பும் சீக்கிரம் குளிரும். சூடான காற்றுப் போர்வை அவசியம்.

காரையை அல்ட்ராசோனிக் கருவியால் உதிர்ப்பார்கள். நுனி ஒரே பல்லில் சில நொடிகளுக்கு மேல் நின்றால் பல்லின் உள்கூழ் சூடாகிக் கெடும். ஈறுக்கு அடியில் அதற்கென்று உள்ள மெல்லிய நுனியோ கைக்கருவியோ வேலை செய்யும். பிறகு அளவுக்கோல் கம்பியால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஈறின் ஆழத்தை அளப்பார்கள். பூனைக்கு அரை மில்லிமீட்டர் வரை சகஜம்; ஒன்றைத் தாண்டினால் நோய். கடைசியில் பாலிஷ். சுரண்டியதால் விழுந்த நுண்கீறல்களை அது சமன் செய்யாவிட்டால் படலம் முன்பைவிட வேகமாக ஒட்டும்.

பூனைகளுக்கு அடிக்கடி வரும் தொல்லை பல் கரைதல். பல்லைப் பூனையின் உடம்பே அரித்துத் தின்னும் நோய் இது. பெரும்பாலும் கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல்லில்தான் முதலில் தெரியும். இதை அடைத்துச் சரிசெய்ய முடியாது. வேர் எலும்போடு கலந்துபோயிருந்தால் மேற்பகுதியை மட்டும் வெட்டி ஈறை மூடித் தைக்கலாம். வேர் முழுதாக இருந்தால் முழுப் பல்லையும் எடுத்தே ஆக வேண்டும். இரண்டில் எது என்று எக்ஸ்ரே மட்டுமே சொல்லும். பிடுங்கும் இடத்தை ஊசியால் மரக்கச் செய்கிறார்களா, பிடுங்கிய பின் இன்னொரு எக்ஸ்ரேயில் வேர்த்துண்டு மிச்சமில்லை என்று பார்க்கிறார்களா என்பதையும் கேட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

மயக்கத்தால் இறக்கும் பூனைகளில் பாதிக்கு மேல் சிகிச்சை முடிந்த பிறகே, அதிலும் முதல் சில மணி நேரத்திலேயே இறக்கின்றன. அதனால் முழுதாக விழித்து, உடம்பு சூடாகி, தலையைத் தானே தூக்கி நடக்கும்வரை மருத்துவமனையிலேயே இருக்கட்டும்.

வீட்டில் முதல் இரவு உயரத்தில் ஏற விடாமல் கதகதப்பான ஒரே அறையில் வையுங்கள். தள்ளாட்டம், விரிந்த கண்மணி, ஓரிரு இருமல் சகஜம். வழக்கமான அளவில் கால்பங்கு மிருதுவான உணவைக் கொடுத்துப் பாருங்கள். தக்கினால் கொஞ்ச நேரம் கழித்து மீதியைக் கொடுக்கலாம். பல் பிடுங்கியிருந்தால் 10 முதல் 14 நாள் மிருதுவான உணவுதான். எழுதிக் கொடுத்த வலி மருந்தைப் பூனை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் நிறுத்தாதீர்கள். பாராசிட்டமால் மட்டும் கூடவே கூடாது. ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

மூச்சு வாங்கினால், கழுத்துத் தோலை அழுத்தும்போது நறநறவென்று காற்று நெரிந்தால், சுவரில் முட்டினால், இரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 24 மணி நேரமாகியும் சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குண்டான பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகும்.

தையல் ஆறிய பிறகு, பூனைக்கென்று விற்கும் பேஸ்ட்டால் தினமும் பல் துலக்கப் பழக்குங்கள். மனிதர் பேஸ்ட்டைத் துப்பத் தெரியாமல் அது விழுங்கிவிடும். முதலில் பேஸ்ட்டை விரலில் நக்கக் கொடுங்கள். அது பிடித்த பிறகு பிரஷ். உதட்டைத் தூக்கிப் பற்களின் வெளிப்பக்கம் தேய்த்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. அடுத்த வாய்ப் பரிசோதனை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள். பல் கரைதல் ஒரு பல்லில் இருந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போய்க் காட்டுங்கள். மற்றப் பற்களிலும் வர வாய்ப்பு அதிகம்.