மூன்று புள்ளி, ஒரு பரவளையம்: எங்கே சறுக்குகிறது?

மூன்று புள்ளிகளைக் கொடுத்து, அவற்றின் வழியே செல்லும் பரவளையத்தின், அதாவது கிண்ணம் போன்ற வளைகோட்டின், இருபடிச் சமன்பாட்டைக் கேட்டால், தண்டையார்பேட்டையில் என்னிடம் டியூஷன் படிக்க வரும் பிள்ளைகள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் பிரதியிடத் தொடங்கிவிடுகிறார்கள். ஒய் = ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி என்று எழுதி, புள்ளிகளை அதில் போட்டு, கிடைக்கும் மூன்று சமன்பாடுகளைத் தீர்க்கிறார்கள். முறையில் குற்றமில்லை. பத்தாம் வகுப்பில் நீக்கல் முறையையும், பன்னிரண்டாம் வகுப்பில் அணிகளை வைத்துக் காஸ் நீக்கல் முறையையும் படித்தவர்களுக்குத் தீர்ப்பது ஒரு வேலையே இல்லை. மதிப்பெண் போவதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். புள்ளிகள் (−1, 6), (1, 0), (2, 3). முதல் புள்ளியைப் பிரதியிடும்போது அடைப்புக்குறி போடாமல் −1² என்று எழுதி, அதை −1 என்றே எடுத்துக்கொள்கிறான் ஒரு மாணவன். பெரும்பாலான அறிவியல் கால்குலேட்டர்களும் அடைப்புக்குறி இல்லாவிட்டால் அப்படித்தான் சொல்லும். ஆகவே அவனுடைய முதல் சமன்பாடு −ஏ − பி + சி = 6. மற்ற இரண்டும் சரியானவை: ஏ + பி + சி = 0, 4ஏ + 2பி + சி = 3. முதல் இரண்டைக் கூட்டினால் சி = 3. மேலும் தீர்த்தால் ஏ = 3, பி = −6. விடை: ஒய் = 3எக்ஸ்² − 6எக்ஸ் + 3.

பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது! பின்னம் இல்லை, தசமம் இல்லை. 3(எக்ஸ் − 1)² என்று காரணிப்படுத்தவும் முடிகிறது. (1, 0) பொருந்துகிறது, (2, 3) பொருந்துகிறது. இரண்டு புள்ளிகள் பொருந்திவிட்டன, மூன்றாவது எங்கே போய்விடும் என்று பேனாவை மூடிவிடுகிறான். ஆனால் எக்ஸ் = −1 என்று போட்டால் 3 + 6 + 3 = 12 வருகிறது; வர வேண்டியது 6. சரியான முதல் சமன்பாடு ஏ − பி + சி = 6. அதை வைத்துத் தீர்த்தால் ஒய் = 2எக்ஸ்² − 3எக்ஸ் + 1.

இதில் இன்னொரு பொறி உண்டு. சிலர் தாங்கள் எழுதிய மூன்று சமன்பாடுகளில் விடையைப் போட்டுச் சரிபார்க்கிறார்கள். −3 + 6 + 3 = 6, பொருந்துகிறது! தவறான சமன்பாட்டுக்கு அது சரியான தீர்வுதானே, பொருந்தாமல் என்ன செய்யும்? சரிபார்ப்பதைக் கேள்வித்தாளில் அச்சிட்டிருக்கும் புள்ளிகளில் செய்ய வேண்டும். அதிலும் மைனஸ் உள்ள புள்ளியை முதலில் எடுக்க வேண்டும்.

ஏ மதிப்பை மட்டும் தனியாகச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. ஒரு புள்ளியின் எக்ஸிலிருந்து மற்ற இரண்டு எக்ஸ்களைத் தனித்தனியே கழித்து, அந்த இரண்டு விடைகளையும் பெருக்கி, வருவதால் அதே புள்ளியின் ஒய்யை வகுக்க வேண்டும். மூன்று புள்ளிகளுக்கும் இப்படிச் செய்து கூட்டினால் ஏ. மேலே உள்ள கணக்கில் 6/((−2)(−3)) = 1, அடுத்தது 0, கடைசி 3/(3 × 1) = 1. கூட்டினால் 2, மாணவனின் 3 உடனே மாட்டிக்கொள்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் வரும் இலக்ராஞ்சியின் இடைச்செருகல் சூத்திரத்திலிருந்து கிடைப்பது இது. இலக்ராஞ்சி அதை 1795இல் வெளியிட்டார். எட்வர்டு வேரிங் 1779இலேயே வெளியிட்டிருந்தும் பெயர் என்னவோ இலக்ராஞ்சிக்குத்தான் நிலைத்தது.

தீர்ப்பதற்கு முன் புள்ளிகளை ஒருமுறை உற்றுப் பார்த்தாலே சில கணக்குகள் முடிந்துவிடும். (1, 5), (2, 7), (4, 11) மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பவை. ஏ = 0 என்று வருவது பிழையில்லை; இவற்றின் வழியே இப்படிப்பட்ட பரவளையம் கிடையாது, ஒய் = 2எக்ஸ் + 3 என்ற கோடுதான் உண்டு. அதை அடித்துவிட்டு மறுபடி போட்டு நேரத்தை வீணாக்குபவர்கள் அதிகம். (3, 2), (3, 7) என்று ஒரே எக்ஸுக்கு இரண்டு ஒய் வந்தால் தீர்வே இல்லை. இரண்டே புள்ளிகள் கொடுத்தால் விடைகள் எண்ணற்றவை.

எக்ஸ் அச்சை வெட்டும் புள்ளிகள் கிடைத்துவிட்டால் வேறொரு அவசரம் வருகிறது. (1, 0), (4, 0), (0, 8) என்றதும் ஒய் = (எக்ஸ் − 1)(எக்ஸ் − 4) என்று எழுதிவிடுகிறார்கள். இது (0, 4) வழியே செல்கிறது. முன்னால் 2 வேண்டும். ஒழுங்காக ஒய் = 2எக்ஸ்² − 10எக்ஸ் + 8 வரை வந்துவிட்டு, 'சுருக்குகிறேன்' என்று வலப்பக்கத்தை மட்டும் 2ஆல் வகுப்பவர்களும் அதே குழியில்தான் விழுகிறார்கள். வலப்பக்கம் பூஜ்ஜியமாக இருக்கும் சமன்பாட்டில் பழகிய கை அது. இங்கே இடப்பக்கம் ஒய் நிற்கிறது.

இனி வியாசர்பாடிக்குப் போவோம்; அங்கே கால்பந்து தெரியாத பிள்ளை அபூர்வம். உதைத்த இடத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி பந்தின் உயரம் 3 மீட்டர், 20 மீட்டரில் 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டால் பாதை ஒரு பரவளையம். உயரங்கள் 0, 3, 4. முதல் வேறுபாடுகள் 3, 1. இரண்டாம் வேறுபாடு −2. அதில் பாதி −1, எனவே ஏ = −1 என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. எக்ஸ் ஒன்று ஒன்றாகக் கூடும்போது மட்டுமே அது செல்லும். இங்கே இடைவெளி 10. ஆகவே அதன் வர்க்கமான 100ஆலும் வகுத்து ஏ = −1/100 என்று எடுக்க வேண்டும். −1ஐயே பிடித்துக்கொண்டு முதல் இரண்டு புள்ளிகளில் பொருத்தினால் பி = 10.3 வரும், 20 மீட்டரில் பந்து தரைக்குக் கீழே 194 மீட்டர் ஆழத்தில் இருக்கும்.

சரியான பாதை ஒய் = −எக்ஸ்²/100 + 0.4எக்ஸ். இதே பாதைக்கு (0, 0), (10, 3), (30, 3) என்று கொடுத்தால், நடுவில் எழுதியிருக்கும் (10, 3)ஐ உச்சி என்று நினைப்பவர்கள் உண்டு. உயரம் சமமாக உள்ள 10க்கும் 30க்கும் நடுவே, எக்ஸ் = 20இல்தான் உச்சி. 50 மீட்டரில் உயரம் என்ன என்று அடுத்த கேள்வி வந்தால், −5 என்று எழுதக் கூடாது. 40 மீட்டரிலேயே பந்து தரையைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் இந்தச் சமன்பாடு பந்துக்குப் பொருந்தாது என்று விடைத்தாளில் எழுதிவிட வேண்டும்.