ஆரி ஊசி துணியில் மாட்டிக்கொண்டே இருந்தால்

வார இறுதி ஆரி (முனையில் கொக்கி உள்ள ஊசியால் போடும் எம்பிராய்டரி) பயிற்சியில் நேர்கோட்டுச் சங்கிலித் தையல் நன்றாகவே வந்தது. மாங்காய் வளைவுக்குப் போனதும் தொல்லை. நூலை மேலே இழுக்கும்போது கொக்கி துணி இழையையும் சேர்த்துப் பிடிக்கும். பட்டு நூல் பிரிந்து பாதிதான் மேலே வரும்.

முதலில் சட்டத்தில் துணியை இன்னும் விறைப்பாக இழுத்துக் கட்டினேன். அப்புறம் பட்டு நூலை விட்டுவிட்டு காட்டன் நூல் போட்டேன். பிரிவது குறைந்தது, மாட்டுவது நிற்கவில்லை. கொஞ்சம் பெரிய ஊசி வாங்கியதும் வீண், துளைதான் பெரிதானது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, “கொக்கி எந்தப் பக்கம் பாக்குதுன்னு தெரியுதா?” என்று கேட்டார். கொக்கி தையல் போகும் திசையைப் பார்த்தபடி ஊசி இறங்க வேண்டும். அடியில் நூலைச் சுற்றியபின் அரைச் சுற்றுத் திருப்பி, வழவழப்பான முதுகுப் பக்கத்தைத் துளை ஓரத்தில் லேசாக அழுத்தியபடி மேலே எடுக்க வேண்டும். நானும் அப்படித்தான் திருப்பினேன். ஆனால் சட்டத்துக்கு அடியில் குனிந்து பார்த்தால், மரப்பிடி மட்டும் திரும்புகிறது, ஊசி பிடிக்குள்ளேயே வழுக்குகிறது! நேர்கோட்டில் தையல் திசை மாறாததால் இது தெரியவே இல்லை.

ஊசியைப் பிடுங்கி, அடியில் ஒரு சொட்டுப் பசை விட்டுச் செருகி, இரவு முழுக்கக் காயவிட்டேன். கொக்கி பார்க்கும் பக்கத்தில் பிடிமேல் நகப்பூச்சில் ஒரு புள்ளி. இப்போது புள்ளியைப் பார்த்தே திருப்புகிறேன், வளைவிலும் மாட்டுவதில்லை. அந்த அக்காவுக்குக் கோடி நன்றி. தைக்க உட்காருவதே இப்போது சந்தோஷமாக இருக்கிறது.

புது ஊசி வாங்குபவர்கள் கடையிலேயே முனையைப் பிடித்துக்கொண்டு பிடியைத் திருகிப் பாருங்கள்.